காப்பும் வில்லையும்

பலத்தை ஒரு பொருளிலிருந்து பெற்றுவிடலாம் என்பது மிகப் பழைய ஆசை. அதன் இன்றைய வடிவத்தை நான் பார்த்தது ஒரு விடியோ விளையாட்டில். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1986இல் வெளியிட்ட 'தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா'வின் நாயகன் லிங்க் என்ற சிறுவன். அவனால் அசைக்க முடியாத பாறைகள் சில வழியில் கிடக்கின்றன. 'பவர் பிரேஸ்லெட்' என்ற காப்பு கிடைத்ததும் அவற்றைத் தள்ளுகிறான். அடியில் படிக்கட்டு தெரிகிறது, குறுக்குவழி திறக்கிறது. பின்னால் வந்த விளையாட்டுகளிலும் இந்தப் பொருள் பெயரை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வருகிறது. 1991இல் அது கையுறை. 1993இல் மறுபடியும் காப்பு, இரண்டு படிநிலைகளில். 1998இல் முதலில் ஒரு காப்பு, பிறகு வெள்ளிக் கையுறை, அதற்கும் மேல் தங்கக் கையுறை. பொருள் உயர உயர, தூக்கும் கல்லும் பெரிதாகிறது. சிறுவனின் புஜம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இதற்கு முன்னோர் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்நோரி தொகுத்த புராணத்தில், தோர் என்ற தேவன் இடுப்பில் கட்டும் கச்சை அவன் பலத்தை இரட்டிப்பாக்குகிறது. சம்மட்டியைப் பிடிக்க அவனுக்கு இரும்புக் கையுறைகளும் வேண்டும். நம் பக்கத்தில் உடனே நினைவுக்கு வருவது கர்ணனின் கவச குண்டலம். ஆனால் அது உடலோடு பிறந்தது, அறுத்துத்தான் கொடுக்க முடியும். கழற்றி மாட்டுகிற சாமானோடு அதைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. கடலைத் தாண்ட வேண்டிய அனுமனுக்கோ எந்தப் பொருளும் தரப்படவில்லை. அவனுடைய பலத்தை அவனுக்கே ஜாம்பவான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

தமிழில் இந்த வித்தியாசம் சொல்லிலேயே இருக்கிறது. கையில் அணியும் வளையத்துக்கு நாம் வைத்த பெயர் காப்பு. அது காப்பது; பலம் தருவதாக அந்தச் சொல் எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. பலமில்லாதவர்களுக்கே அது உரியது: குழந்தைக்கு, நோயாளிக்கு, விரதம் தொடங்குகிறவனுக்கு. புறநானூற்றின் 77ஆம் பாட்டில் இடைக்குன்றூர் கிழார் இளம் நெடுஞ்செழியனைப் போர்க்களத்தில் பார்க்கிறார். கிண்கிணி கழற்றிய காலில் கழல் ஏறியிருக்கிறது. சிறுவளை கழற்றிய கை வில்லைப் பிடித்திருக்கிறது. குழந்தைக்குக் கட்டும் தாலி மட்டும் இன்னும் கழுத்தில் கிடக்கிறது. கவியின் வியப்பு முழுவதும் இந்த மிச்சத் தாலியில் இருக்கிறது. வில்லை எடுக்கும் முன் வளையைக் கழற்ற வேண்டியிருந்தது என்பதை நாம் கவனிக்கவேண்டும். லிங்க் செய்வதற்கு இது நேர் எதிர். காலில் ஏறிய கழலும் பலத்துக்கு மூலம் அல்ல. அது வீரத்தின் அடையாளம், செய்கைக்குச் சாட்சி.

நான் எழுதிக்கொண்டிருக்கும் ஜோலார்பேட்டையைச் சுற்றிய நிலம் நடுகற்களின் நிலம். வடகிழக்கே ஆம்பூரில் பல்லவ நிருபதுங்கனின் 26ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த இரண்டு கற்கள் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் நுளம்பன் படை வந்தபோது எதிர்த்து வீழ்ந்தவர்களுக்காக எடுத்தவை. தெற்கே செங்கம் பகுதியில் கிடைத்தவற்றைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் நூலாக வெளியிட்டது. தொறு மீட்கப் போய்ப் பட்டவனின் பெயர், அவன் யாருடைய சேவகன், எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு என்பதெல்லாம் இந்தக் கற்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எடுத்தனூர்க் கல்லில் வீரனுக்குத் துணைநின்ற நாய்க்குக்கூடப் பெயர் இருக்கிறது: கோவிவன். ஆயுதம் ஏந்திய கையில் வளையோடு, ஓர் அடி முன்வைத்து நிற்கும் உருவங்கள் இந்தக் கற்களில் நமக்குப் பழக்கமானவை. இறந்தவனின் கையில் இருக்கும் வளை யாருக்கும் பலம் கொடுக்கப் போவதில்லை. இவன் இருந்தான், இதைச் செய்தான் என்கிறது.

1986ஆம் ஆண்டு விளையாட்டில் அந்தக் காப்பு இருக்கும் இடம் விசித்திரமானது. ஆர்மோஸ் என்ற கல் சிப்பாய்கள் வெட்டவெளியில் வரிசையாக நிற்கிறார்கள். தொட்டால் உயிர்பெற்றுத் தாக்குவார்கள். அவர்களில் ஒருவனுடைய காலடியில்தான் காப்பு கிடக்கிறது. கல்லான வீரனிடமிருந்து பலத்தை எடுத்துக்கொண்டு மேலே நடக்கலாம். அவன் யார் என்று கேட்க அங்கே இடமில்லை. விளையாட்டைத் தொடங்கும்போது நாயகனுக்கு ஒரு பெயர் எழுதச் சொல்கிறார்கள். நாம் எழுதுவது நம்முடைய பெயரை.

நடுகல்லுக்கும் இந்தக் காப்புக்கும் நடுவில் இன்னொரு கைப்பொருளை வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1864இல் பெங்களூர்ப் பாதை திறக்கப்பட்டதிலிருந்து ஜோலார்பேட்டை ரயில்கள் பிரியும் ஊர். நம் ரயில் நிலையங்களில் சுமை தூக்குபவனின் கையில் ஒரு பித்தளை வில்லை கட்டியிருக்கும், அதில் ஓர் எண் இருக்கும். தூக்குவதோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட கையணி, நான் அறிந்தவரையில், நம்மிடையே இது ஒன்றுதான். ஆனால் வில்லை தூக்கும் பலத்தைத் தருவதில்லை. தூக்கும் உரிமையைத்தான் தருகிறது. ரயில்வே அவனுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. கூலி பயணியிடமிருந்து வருகிறது. அவனுக்கு முடியாமல் போனால் வில்லை நெருங்கிய உறவினருக்குப் போகும். எண் அப்படியே இருக்கும், தோள் மாறும். நடுகல்லில் பெயர் இருந்த இடத்தில் இப்போது எண் இருக்கிறது. 2008இல் இவர்களைத் தண்டவாளப் பராமரிப்பு வேலைக்கு எடுத்துக்கொள்ள ரயில்வே பட்ஜெட் வழிசெய்தது. 2016இல் கூலி என்ற பெயரை 'சஹாயக்' என்று மாற்றினார்கள். வில்லைக்கு வேலை குறைந்ததற்குச் சக்கரம் வைத்த பெட்டியும் ஒரு காரணம்.

இந்த வில்லை தாயத்தாக மாறியதும் நம் காலத்தில்தான். 1975இல் வந்த 'தீவார்' இந்திப் படத்தில் துறைமுகச் சுமைகூலியின் 786ஆம் எண் வில்லை குண்டைத் தடுத்து நாயகனைக் காப்பாற்றுகிறது. கடைசியில் அது கைதவறி விழும்போது அவனும் விழுகிறான். 1981இல் இந்தப் படம் ரஜினிகாந்த் நடிக்கத் தமிழில் 'தீ' ஆயிற்று. மூட்டை தூக்கிய முதுகை மறந்துவிட்டு வில்லையைப் போற்றும் மனநிலை இங்கே பூரணமாகிறது. விளையாட்டின் காப்புக்கும் இதற்கும் ஒரு படிதான் வித்தியாசம்.

இதை ஒரு நேர்கோட்டுப் பரிணாமமாக நான் சொல்லவில்லை. தோரின் கச்சையும் நடுகல்லும் ஒரே உலகத்தில் இருந்தவைதாம். சாட்சியாக இருந்த பொருள் மூலமாக மாறும்போது உழைத்த கை மறைந்துபோகிறது என்பதே என் கவலை. இந்தத் தோல் பிரதேசத்தில் அது வெறும் தத்துவக் கவலை அல்ல. ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் என்று நீளும் பட்டறைகளில் பதனிடும் தோல் உலகமெங்கும் செருப்பாகவும் கையுறையாகவும் போகிறது. அணிகிறவனுக்குக் கையுறையின் உறுதி தெரியும். ஈரத்தில் கனத்த தோலைச் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து இழுத்தவனின் கை தெரியாது.

எழுதுகிற நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கோட்பாட்டையும் ஒரு காப்பாக மாட்டிக்கொண்டு, நேற்றுவரை அசையாத கல் இன்று அசைகிறது என்று காட்டும் பழக்கம் நம் விமர்சனத்தில் இருக்கிறது. கல் அசைந்திருக்கலாம். காப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அதே கல்லை இன்னொரு முறை தள்ளிப் பார்க்கலாம்.