சாதகமும் சாதனையும்

1

விடியற்காலையில் கதவைச் சாத்திக்கொண்டு சங்கீதக்காரர் செய்வதற்குச் சாதகம் என்று பெயர். கச்சேரி முடிந்த மறுநாள் பத்திரிகை அவரைப் பற்றி எழுதுவதற்குச் சாதனை என்று பெயர். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள்தாம். ஆனால் தமிழில் புழங்கிப் புழங்கி எதிரெதிர்ப் பக்கம் போய் நின்றுவிட்டன. சாதகத்துக்குச் சாட்சி தேவையில்லை. அதற்கு முடிவும் கிடையாது. சாதனைக்குச் சாட்சியும் வேண்டும், முடிவும் வேண்டும், கூடவே ஓர் எண்ணும் வேண்டும்.

வீடியோ விளையாட்டுகளில் 'அச்சீவ்மெண்ட்' என்று ஒன்று உண்டு. விளையாட்டுக்குள் இன்ன காரியத்தைச் செய்து முடித்தால் திரையின் ஓரத்தில் ஒரு சிறு பட்டை எழும்பி, இன்னதைச் சாதித்துவிட்டாய் என்று அறிவித்து மறைகிறது. மறைந்தாலும் உங்கள் பெயரிலுள்ள கணக்கில் வரவாகிவிடுகிறது. விளையாட்டின் கதை முடிந்த பிறகும் இந்த வரவுகளுக்காகவே மாதக்கணக்கில் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் கீழ்பென்னாத்தூரிலும் இருக்கிறார்கள். இது பொழுதைச் செலவிடத் தகுந்த காரியமா என்ற கேள்வியைப் பெற்றோர்களின் புலம்பலாக ஒதுக்கிவிட நான் தயாரில்லை. இலக்கியப் பரிச்சயம் உள்ளவர்களுக்கு இது பழைய கேள்வி. நம் புலவர்கள் இதே பாதையில் வெகுதூரம் நடந்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

2

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புலவர்களில் சிலருடைய பெயர்களுக்கு முன்னால் ஓர் எண் நிற்கும். 1876இல் வெளிவந்த 'விநோதரசமஞ்சரி'யின் ஆசிரியர் வெறும் வீராசாமி செட்டியார் அல்ல, அட்டாவதானம் வீராசாமி செட்டியார். பூவை கலியாணசுந்தர முதலியாரும் அட்டாவதானி. எட்டுக் காரியங்களில் ஒரே சமயத்தில் கவனத்தை நிறுத்துகிறவர் அட்டாவதானி; பத்தில் என்றால் தசாவதானி, பதினாறில் சோடசாவதானி, நூறில் சதாவதானி. படிக்கட்டு தெளிவாகக் கட்டப்பட்டிருந்தது. ஏறியவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைப் பெயரே சொல்லிவிடும்.

அவதானி சபை நடுவில் உட்கார்ந்திருப்பார். பின்னாலிருந்து ஒருவர் அவர் முதுகில் சிறு கற்களையோ நெல்மணிகளையோ எறிந்துகொண்டிருப்பார். கடைசியில் எத்தனை விழுந்தன என்று சொல்ல வேண்டும். எங்கோ மணி அடிக்கும். அதையும் எண்ண வேண்டும். இதற்கிடையே சதுரங்கத்தில் காய் நகர்த்த வேண்டும். ஒருவர் பெருக்கல் கணக்குப் போடுவார். இன்னொருவர் என்றோ ஒரு நாள் தேதியைச் சொல்லிக் கிழமை கேட்பார். வேறொருவர் ஈற்றடியைக் கொடுத்து வெண்பா கேட்பார். அவதானி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்தால் எண் அவருக்குச் சொந்தம்.

நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பி பாவலர் 1907 மார்ச் 10ஆம் தேதி சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்தார். அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. துருக்கனுக்கு இராமன் துணை என்று முடியும்படி ஓர் ஈற்றடியை ஒருவர் நீட்டினார். முஸ்லிம் புலவரைச் சபையில் சங்கடப்படுத்துவதே நோக்கம். பாவலர் முந்தைய அடியைச் 'சத்' என்ற அசையில் கொண்டுவந்து நிறுத்தினார். துருக்கன் சத்துருக்கன் ஆனான். தம்பிக்கு அண்ணன் துணையாக இருப்பதில் யாருக்கு ஆட்சேபம்?

கதையின் ருசி சாமர்த்தியத்தில் மட்டும் இல்லை. ஈற்றடி கொடுத்தவர் பாவலர் தோற்க வேண்டும் என்று விரும்பியவர். மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யாப்பு அறிந்தவர்கள். தளை தட்டினால் கண்டுபிடித்துவிடுவார்கள். முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டு வரவும் வழியில்லை. அவையறிதலுக்கும் அவையஞ்சாமைக்கும் தனித்தனி அதிகாரம் வைத்த வள்ளுவருக்கு இதன் கஷ்டம் தெரிந்திருக்கிறது. நூறு என்ற எண்ணுக்குப் பின்னால் அதை மறுக்கும் அதிகாரம் படைத்த ஒரு சபை இருந்தது. அந்த எண்ணின் மதிப்பு முழுவதும் அங்கேதான் இருந்தது.

அந்த நூறு பதில்களால் யாருக்கு என்ன பயன்? விழுந்த கற்களின் எண்ணிக்கை இன்று யாருக்கும் வேண்டாம். யாழ்ப்பாணத்து மேலைப்புலோலியிலிருந்து சென்னைக்கு வந்த நா. கதிரைவேற்பிள்ளையும் ஒரு சதாவதானி, திரு.வி.க. தமிழ் கற்றது அவரிடம். அருட்பா - மருட்பா சண்டையில் அவர் வள்ளலாருக்கு எதிர்ப்பக்கம், பாவலர் வள்ளலார் பக்கம். பாவலரை இன்று சீறாப்புராண உரைக்காகப் படிக்கலாம். கதிரைவேற்பிள்ளையின் அகராதி நூறாண்டு கடந்தும் மறுபதிப்பாகி மேஜைகளில் கிடக்கிறது. அவதானம் போய்விட்டது, அகராதி நின்றது என்று சுலபமாகத் தீர்ப்பளித்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நூறு நூல்களைப் பின்னாமல் முறுக்காமல் மனத்தில் பிடித்துவைக்கப் பழகிய ஒருவர் பிறகு ஒரு மொழியின் சொற்களை அகரவரிசையில் கட்டி நிறுத்த முனைந்தது தற்செயல் அல்ல. சபைக்குக் காட்டியது சாதனை. அகராதிக்குள் போனது சாதகம்.

3

1959இல் 'எழுத்து' தொடங்கிய காலத்திலிருந்து நம் சிறுபத்திரிகை உலகம் இந்த வகைப் புலமையைக் கழைக்கூத்து என்று தள்ளிவைத்திருக்கிறது. தள்ளவேண்டிய அவசியமும் இருந்தது. அனுபவம் இல்லாத இடத்தில் யாப்பை வைத்து ஊதிப் பெருக்கிய செய்யுட்குவியலுக்கு அடியில் கவிதை மூச்சுத்திணறிக் கிடந்தது. ஆனால் தள்ளிய வேகத்தில் ஒரு வித்தியாசத்தையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள்.

பின்னாலிருந்து படித்தாலும் அப்படியே வரும் மாலைமாற்றைச் சம்பந்தர் பாடியிருக்கிறார். உதடு ஒட்டாத எழுத்துக்களாலேயே பாடுவது நிரோட்டகம். இவற்றில் பெரும்பாலானவை கவிதை ஆகவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் உதடு ஒட்டாமல் நாலு அடி எழுத முயன்றவனுக்குத்தான் தமிழ் எவ்வளவு தூரம் உதட்டில் வாழ்கிறது என்பது தெரியும். அம்மாவும் அப்பாவும் அவனுக்குக் கிடைக்க மாட்டார்கள். கட்டுப்பாடு அவனுடைய பார்வையைத் திருப்பி மொழியின் மேல் வைக்கிறது. இதற்கு மாறாக, அந்தாதியில் நூறு பாட்டு வேண்டும் என்பதற்காகத் தொண்ணூறாவதிலிருந்து நூறு வரை அடைத்துத் தள்ளுகிறவனுக்கு எண்ணைத் தவிர வேறொன்றும் கண்ணில் படுவதில்லை.

இந்த இரண்டு ஜாதியும் வீடியோ விளையாட்டில் அப்படியே இருக்கின்றன. 2011இல் வந்த 'டியூஸ் எக்ஸ்: ஹ்யூமன் ரெவல்யூஷன்' துப்பாக்கிகள் நிறைந்த விளையாட்டு. தவிர்க்க முடியாத சில எதிரிகள் நீங்கலாக ஒருவரையும் கொல்லாமல் அதை முடித்தால் ஒரு சாதனை உண்டு. அதை நாடுகிறவன் சுடுவதற்கு வசதியான இடத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டுச் சந்துகளையும் காவலாளிகளின் நடையையும் பார்க்கத் தொடங்குகிறான். அதே நகரம் அவனுக்கு வேறு நகரம் ஆகிறது.

2009இல் வந்த 'அசாசின்ஸ் கிரீட் 2'இல் இத்தாலிய நகரங்களின் கூரைகளிலும் கோபுரங்களிலும் நூறு இறகுகள் சிதறிக் கிடக்கும். அத்தனையையும் பொறுக்கினால் சாதனை. கூடவே ஒரு மேலங்கியும் பரிசு. அதை அணிந்துகொண்டு தெருவில் இறங்கினால் காவலர்கள் சந்தேகப்பட்டுத் துரத்துவார்கள். பொன்னாடை போர்த்தப்பட்ட நம் எழுத்தாளர்களின் நிலைமையை இதைவிடத் துல்லியமாக யாரும் சொன்னதில்லை.

இரண்டையும் முடித்தவர் என்னோடு வேலை பார்க்கிற இளைஞர். எது உருப்படி என்று கேட்டேன். "இறகு பொறுக்கினது ஒரு வாரம் சார், ஒண்ணுமே ஞாபகம் இல்ல. ஆனா யாரையும் கொல்லாம போனேன் பாருங்க, அதுல ஒவ்வொரு சந்தும் ஞாபகம் இருக்கு" என்றார். விமர்சனம் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

4

விளையாட்டில் கணக்கு எழுதுவதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1978இல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' அதிகபட்சப் புள்ளியைத் திரையின் மேலே நிறுத்திவைத்தது. 1979இன் 'ஆஸ்டராய்ட்ஸ்' அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் மூன்று எழுத்துக்களில் பெயர் பொறிக்க இடம் கொடுத்தது. அடுத்து அதே இயந்திரத்துக்கு முன்னால் வந்து நிற்கிறவன் அந்த எழுத்துக்களைப் பார்ப்பான். ஒரு டீக்கடை அளவுக்காவது சபை இருந்தது.

அமெரிக்காவின் ஆக்டிவிஷன் கம்பெனி எண்பதுகளின் தொடக்கத்தில் வேறொன்று செய்தது. 1982இல் வந்த அவர்களுடைய 'பிட்ஃபால்' விளையாட்டில் 20,000 புள்ளி எடுத்தவர் டெலிவிஷன் திரையைப் போட்டோ பிடித்துத் தபாலில் அனுப்பினால், சட்டையில் தைத்துக்கொள்ள ஒரு துணிச்சின்னம் அனுப்பிவைத்தார்கள். வியாபார யுக்திதான். ஆனாலும் ஒரு போட்டோவை ஒரு மனிதன் உறையிலிருந்து எடுத்துப் பார்க்கவேண்டியிருந்தது.

2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது அந்த மனிதன் வேலையிலிருந்து நீக்கப்பட்டான். இனிமேல் எல்லா விளையாட்டுகளின் சாதனைகளும் ஒரே கணக்கில், ஒரே கூட்டுத்தொகையாகச் சேரும். 2007இல் ஸ்டீமும் 2008இல் பிளேஸ்டேஷனும் இந்த வழிக்கு வந்தன. பிளேஸ்டேஷன் வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று கோப்பைகளாகத் தரம் பிரித்தது. சாதனைகளின் பட்டியல் முன்கூட்டியே கையில் கொடுக்கப்படுகிறது. முதல் அத்தியாயத்தை முடித்தாலே ஒன்று கிடைக்கும். சபை கலைந்துவிட்டது, பேரேடு மட்டும் மிஞ்சியது. பேரேட்டை வைத்திருப்பவருக்கோ நீங்கள் தோற்கவேண்டும் என்ற ஆசை கிடையாது. நீங்கள் எழுந்து போய்விடக் கூடாது என்பதே அவருடைய ஆசை.

இதன் விளைவைக் காண 2016இல் பிளேஸ்டேஷனில் வந்த 'மை நேம் இஸ் மேயோ'வைப் பார்க்கவேண்டும். திரையில் ஒரு மேயோனைஸ் பாட்டில். பத்தாயிரம் முறை தட்டவேண்டும். பிளாட்டினம் கிடைக்கும். பரிகாசமாகச் செய்யப்பட்ட பொருள் போலத்தான் இருக்கிறது. ஆனால் பரிகாசத்தைப் புரிந்துகொண்டே, உட்கார்ந்து பத்தாயிரம் முறை தட்டியவர்கள் இருந்தார்கள். 2013இன் 'தி ஸ்டான்லி பாரபிள்' இன்னும் கூர்மையானது. அதில் ஒரு சாதனை, ஐந்து வருஷம் அந்த விளையாட்டை ஆடாமலிருப்பது. வெளியே போ என்பதுதான் அதன் பெயரே. சிலர் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஐந்து வருஷம் முன்னே தள்ளிவைத்து அதை வாங்கிக்கொண்டார்கள். ஐந்து வருஷ ஓய்வு பரிசாகக் கிடைத்தது. அவர்களுக்கு ஓய்வு வேண்டாம், அதன் ரசீதுதான் வேண்டும்.

5

வங்கி குமாஸ்தாவாகிய எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. வங்கிக் கணக்கே இல்லாதவர்களுக்காக 2014 ஆகஸ்டில் ஜன் தன் திட்டம் தொடங்கியது. இருப்பே இல்லாத கணக்குகளின் எண்ணிக்கை குறைய வேண்டும் என்று மேலிருந்து நெருக்கடி வந்தபோது, பல கிளைகளில் ஊழியர்களே ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டு இருப்பைக் காட்டிய விவரம் 2016இல் பத்திரிகைகளில் வெளிவந்தது. எண் நிறைவேறியது. கணக்கு வைத்திருந்த கிழவிக்கு அந்த ரூபாய் வந்ததும் தெரியாது, அதனால் ஆனதும் ஒன்றுமில்லை. பாட்டிலைத் தட்டியவனுக்கும் ஒரு ரூபாய் போட்ட குமாஸ்தாவுக்கும் நடுவில் உள்ள ஒரே வேற்றுமை, முன்னவன் அதை ஓய்வுநேரத்தில் செய்தான் என்பதுதான்.

ஓய்வுநேரம் என்பது இங்கே சின்ன விஷயம் அல்ல. பகல் முழுக்க அடுத்தவர் வைத்த இலக்கை எட்டிவிட்டு வருகிறவனுக்குத் தன் இஷ்டப்படி செலவழிக்க மிஞ்சுவது ராத்திரி இரண்டு மணி நேரம். அதிலும் அடுத்தவர் வைத்த பட்டியலையே எட்டச் சொல்வது எந்த வகை விளையாட்டு? 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் நர்சரிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே பிரியமுள்ள குழந்தைகள். ஒரு பிரிவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்னதாகச் சொன்னார்கள். சில நாட்கள் கழித்து, சான்றிதழ் பேச்சே இல்லாத வேளையில், மற்றக் குழந்தைகள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதிதான் அந்தக் குழந்தைகள் வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் இந்தச் சோர்வு இல்லை. பரிசு கெடுக்கவில்லை. வரைவதற்கு முன்பே வந்து உட்கார்ந்துகொண்ட பரிசுதான் கெடுத்தது.

எண்ணுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. எங்களூருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றுகிறவர்களில் பலர், இது எத்தனையாவது சுற்று என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். மலை கணக்கு வைத்துக்கொள்வதில்லை. எண் அவர்களுடையது, கால் அவர்களுடையது. நூற்றெட்டு முடிந்த பிறகும் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். முடிக்காமலே நிறுத்திக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே, வீடியோ விளையாட்டுச் சாதனைகளைத் துரத்துவது வீண் என்று ஒட்டுமொத்தமாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அப்படிச் சொல்பவர்களில் பலர், முனைவர் பட்டத்தையும் விருதுப் பட்டியலையும் இதே முறையில் துரத்துகிறவர்கள். கேட்கவேண்டியது ஒன்றுதான்: பட்டை எழும்பாமல் இருந்தால் இந்த ராத்திரியை இதே காரியத்தில் செலவிட்டிருப்பாயா? ஆம் என்றால் அது சாதகம். பட்டை ஒரு இடைஞ்சல், பொறுத்துக்கொள்ளலாம். இல்லை என்றால் கம்பெனியின் பேரேட்டில் சம்பளமில்லாமல் பதிவு எழுதிக்கொண்டிருக்கிறாய் என்று அர்த்தம். அந்த வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அதில் ருசி கிடையாது.