மிளகுத் தீவின் குடிகள்

மனிதர் எவரும் குடியிராத ஒரு தீவுக்கு வரலாறு உண்டா? இக்கேள்வியோடு இன்று மத்தியதரைக் கடலுக்குச் செல்வோம்.

மோல்டாத் தீவின் தென்கரையில் ஹஜார் கீம் என்ற கற்கோயில் இருக்கிறது. 5,000 ஆண்டுகளுக்கு மேல் பழைமையானது. அங்கு நின்று தெற்கே நோக்கினால், சுமார் 5 கிலோமீற்றர் தூரத்தில் கடலிலிருந்து செங்குத்தாக எழும் ஒரு பாறைத்திட்டு தெரியும். அதுதான் ஃபில்ஃப்லா. உயரம் 60 மீற்றர். பரப்பு சில ஏக்கர் மட்டுமே. மேலே தட்டையான சுண்ணாம்புக் கற்பாறை. அடியிலே, உடைந்து சரிந்த கற்களின் குவியல்.

மிளகைக் குறிக்கும் 'ஃபில்ஃபில்' என்னும் அரபுச் சொல்லிலிருந்தே இப்பெயர் வந்தது என்பர். நாம் திப்பிலி என்று வழங்கும் சொல்லும் அதற்கு உறவுதான். கடல்மேல் உருண்டு கிடக்கும் ஒரு மிளகு மணி! பொருத்தமான பெயரே.

1343ஆம் ஆண்டில் இத்தீவின் குகையொன்றில் ஒரு சிற்றாலயம் அமைக்கப்பட்டது. 1856இல் ஏற்பட்ட பூமியதிர்ச்சி அதை அழித்தது. தீவின் ஒரு பகுதியும் கடலுக்குள் போயிற்று. மனிதர் அங்கு நிலையாகக் கட்டியெழுப்பியதாக அறியப்படுவது அது ஒன்றே.

ஆனால் அழிப்பதற்கு மனிதர் தவறாது வந்தனர். மோல்டாவை ஆண்ட பிரித்தானியரின் கடற்படையும் விமானப்படையும் ஃபில்ஃப்லாவைக் குறிபார்த்துச் சுடும் இலக்காக்கிக்கொண்டன. மோல்டா 1964இல் சுதந்திரம் பெற்ற பின்னரும், 1971 வரை அப்பயிற்சி நீடித்தது. ஆளில்லாத தீவுதானே, யாருக்கு என்ன நட்டம் என்று எண்ணியிருக்கலாம்.

உண்மையில் அங்கே குடிகள் இருந்தன. வேறெங்கும் காணப்படாத, கருமேனி கொண்ட சுவர்ப்பல்லி வகையொன்று இத்தீவிலே வாழ்கிறது. மோல்டாவின் சுவர்ப்பல்லி இனம் முழுவதும் இத்தீவின் பெயரையே விஞ்ஞானப் பெயராகத் தாங்கி நிற்கிறது. இங்கு மட்டுமே உள்ள ஒரு நத்தை வகையும் உண்டு. ஆளுயரத்துக்கு மேல் வளரும் காட்டு லீக்ஸும் உண்டு.

எல்லாவற்றிலும் வியப்பூட்டுவது புயற்பறவை. நிறை சுமார் 30 கிராம். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியது. நடுக்கடலில் அலைகளின் மேல் கால்களால் தத்தித் தத்தி இரைதேடும் இப்பறவை, முட்டையிடுவதற்கு மட்டுமே கரையேறும். அதுவும் இரவில்தான், பகலில் வந்தால் கடற்காகங்களுக்கு இரையாகிவிடும். சரிந்த கற்களின் இடுக்கில் ஒரேயொரு முட்டை. இப்படி 5,000க்கும் மேற்பட்ட சோடிகள் இங்கு இனம்பெருக்குவதாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. மத்தியதரைக் கடலில் இப்பறவைகளுக்குள்ள மிகப்பெரிய இருப்பிடங்களுள் இதுவும் ஒன்று.

1980இல் ஃபில்ஃப்லா பறவைகள் சரணாலயமாயிற்று. 1988இல் அதற்கெனத் தனிச் சட்டமே வந்தது. ஆராய்ச்சிக்காகச் செல்பவரும் முன் அனுமதி பெறவேண்டும். வெடிக்காத குண்டுகள் கிடக்கலாம் என்பதால் சுற்றியுள்ள கடலிலும் மீன்பிடிக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது.

விந்தையைப் பாருங்கள். அன்று தீவைச் சிதைத்த அதே குண்டுகளின் மிச்சம் இன்று மனிதரைத் தூர நிறுத்துகிறது. அதற்காகக் குண்டுகளுக்கு நன்றி சொல்லிவிட முடியாது. பல்லியும் பறவையும் தாமாகவே பிழைத்துக்கொண்டவை.

'ஆளில்லாத இடம்' என்று ஒரு வரைபடம் சொல்லும்போது, அங்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது. ஃபில்ஃப்லாவின் விடயத்தில் அக்கேள்வி மிகத் தாமதமாகவே கேட்கப்பட்டது.