படிக்கட்டில் துணைநிற்றல்

படிக்கட்டில் துணைநிற்றல் என்பது பக்கவாதம், மூட்டுத் தேய்மானம், இடுப்பு அல்லது முழங்கால் அறுவைச் சிகிச்சை போன்றவற்றால் ஒரு கால் வலுவிழந்தவரைப் படிகளில் பத்திரமாக ஏற்றி இறக்கும் முறையாகும். பிசியோதெரபிஸ்டுகள் இதை நோயாளிக்கும் வீட்டாருக்கும் சேர்த்தே கற்றுத்தருகின்றனர். காலில் எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதை மருத்துவர் முடிவுசெய்வார்.

கால் வைக்கும் வரிசை

ஏறும்போது நல்ல கால் முதலில் மேற்படிக்குப் போகும். வலுவிழந்த காலும் ஊன்றுகோலும் பின்தொடரும். இறங்கும்போது ஊன்றுகோலும் வலுவிழந்த காலும் முதலில், நல்ல கால் கடைசியில். ஏறுகையில் உடலைத் தூக்குவதும், இறங்குகையில் முழங்காலை மெல்ல மடக்கி உடலைக் கீழே விடுவதும் மேற்படியில் இருக்கும் காலே. அந்த வேலை நல்ல காலுக்கே விழவேண்டும் என்பதால்தான் இந்த வரிசை. இரு கால்களும் ஒரே படியில் சேர்ந்த பிறகே அடுத்த படி. சாதாரண வாக்கரைப் படியில் பயன்படுத்தக் கூடாது.

துணைநிற்பவரின் இடம்

துணைநிற்பவர் எப்போதும் கீழ்ப்பக்கம், வலுவிழந்த பக்கமாகச் சற்று ஒதுங்கி நிற்பார்: ஏறும்போது பின்னால், இறங்கும்போது முன்னால். கால்களை இரண்டு படிகளில் அகட்டி ஊன்றி, நோயாளியின் இடுப்பில் கட்டிய அகலப் பட்டையை ஒரு கையால் பிடித்திருப்பார். நோயாளி நின்ற பிறகே தாம் நகர்வார். கையைப் பிடித்து இழுப்பதும் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் தவறு. பக்கவாதத்தால் தளர்ந்த தோள்மூட்டு விலகிவிடலாம். கால் துவண்டால் நிமிர்த்தப் போராடாமல், தம்மீது சாய்த்து மெல்லப் படியிலேயே உட்காரவைக்க வேண்டும்.

படிக்கட்டின் அமைப்பு

இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு படியின் உயரத்துக்கு வீடுகளில் 19 செ.மீ., பிற கட்டடங்களில் 15 செ.மீ. என வரம்பு வைக்கிறது. மருத்துவமனையில் தாழ்ந்த படிகளில் பழகியவர் வீட்டில் திணறக்கூடும். எனவே வீட்டுப் படியின் உயரத்தை அளந்து பிசியோதெரபிஸ்டிடம் சொல்வது நல்லது.

ஒரு கை மட்டுமே இயங்குபவருக்கு இருபுறமும் கைப்பிடி தேவை: ஏறும்போது வலப்பக்கம் இருந்த கைப்பிடி, இறங்கும்போது இடப்பக்கம் ஆகிவிடும். கைப்பிடி கடைசிப் படியோடு நின்றுவிடாமல் சற்று நீண்டிருந்தால், சமதரையில் கால் பதியும்வரை பிடிமானம் கிடைக்கும். படி விளிம்பில் நிறப்பட்டை, மேலும் கீழும் விளக்கு சுவிட்சு, குதிகாலைப் பற்றும் செருப்பு ஆகியவையும் உதவும். வேட்டி, சேலையின் நுனி காலில் தட்டாதபடி உயர்த்திக் கட்டவேண்டும்.

துணையோடும் ஏற இயலாதவருக்குத் தரைத்தளத்தில் படுக்கை அமைப்பதோ, லிஃப்ட் அல்லது படிக்கட்டு ஓரமாக நகரும் மின்நாற்காலி பொருத்துவதோ தீர்வாகும்.