சான்றிதழுக்குள் அடங்காத தொழில்: கோலார் தங்கவயலில் திறன், பட்டம், பிழைப்பு

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தன் பணிகளை நிறுத்தியது. ஏறத்தாழ 120 ஆண்டுகள் இடைவிடாது இயங்கிய கோலார் தங்கவயல் அன்றோடு ஓய்ந்தது. அங்கிருந்து எடுக்கப்பட்ட தங்கம் சுமார் 800 டன் என்பதும், சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் கொண்டது என்பதும் பலமுறை எழுதப்பட்டவை. அந்த ஆழத்தில் வேலை செய்யக் கற்றிருந்தவர்களின் தொழில்திறன் மறுநாள் காலை என்ன மதிப்புப் பெற்றது என்ற கேள்வி அந்த அளவுக்குக் கேட்கப்படவில்லை.

"கைத்தொழில் கற்றவன் பிழைத்துக்கொள்வான், பட்டம் பெற்றவன் அலைவான்" என்னும் கருத்து இன்று கல்விக் கொள்கை பற்றிய உரையாடல்களில் அடிக்கடி ஒலிக்கிறது. படித்த இளைஞரிடையே வேலையின்மை விகிதம் கூடுதலாக இருப்பதைத் தேசியத் தொழிலாளர் கணக்கெடுப்புகள் காட்டுவதால் அக்கருத்துக்கு வலுவும் சேர்கிறது. தங்கவயலின் வரலாறு இதை எளிதில் ஏற்க விடுவதில்லை. கைத்திறனில் உலகின் எந்தச் சுரங்கத் தொழிலாளிக்கும் குறையாதவர்கள் அங்கே ஒரே நாளில் வேலையற்றவர்களாயினர். அவர்களின் பிள்ளைகள் பட்டத்தை நாடியதற்குச் சந்தைக் கணக்குக்கு அப்பாற்பட்ட காரணமும் இருந்தது.

1870களில் மைக்கேல் லாவெல் என்னும் முன்னாள் படைவீரர் மைசூர் அரசிடம் தங்கம் தேடும் உரிமம் பெற்றார். 1880 முதல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் சுரங்கங்களின் நிர்வாகத்தை ஏற்றது. அந்நிறுவனத்தோடு வந்தவர்கள் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள கார்ன்வால் பகுதியின் சுரங்கத்தார். செம்பு, வெள்ளீயச் சுரங்கங்கள் நலிந்து ஊரைவிட்டு வெளியேறியவர்கள் அவர்கள். தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என உலகெங்கும் புதிய சுரங்கங்கள் திறந்துகொண்டிருந்த காலமாதலால் சென்ற இடமெல்லாம் அவர்களின் தொழில் விலைபோயிற்று. அவர்களிலும் பெரும்பாலோர் பட்டதாரிகள் அல்லர். தந்தையோடும் தமையனோடும் இறங்கித் தொழில் கற்றவர்களே. ஆயினும் தங்கவயலில் அவர்கள் கேப்டன்களாகவும் மேற்பார்வையாளர்களாகவும் அமர்ந்தனர்.

வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தமிழ், தெலுங்குத் தொழிலாளர் அவர்களுக்குக் கீழே இறங்கினர். நிலத்தடியில் இறங்கியவர்களில் பெரும்பான்மையினர் ஆதிதிராவிடச் சமூகத்தார். ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர், இந்தியர் என்று குடியிருப்பும் ஊதியமும் பிரிக்கப்பட்டிருந்தன. ஒரே விதமாகக் கற்ற தொழில், ஒரு தோலில் 'அனுபவம்' என்றும் இன்னொரு தோலில் 'கூலி வேலை' என்றும் பெயர் பெற்றது. திறன் என்பது கையில் இருப்பது மட்டுமன்று, அதற்குப் பெயர் சூட்டும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதையும் பொறுத்தது என்பதற்குத் தங்கவயல் முதல் சான்று.

அந்தத் தொழில் எளியதன்று. ஆழமான மட்டங்களில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டும். மேலிருக்கும் பாறையின் பெரும் பாரத்தால் சுவர்கள் திடீரென வெடித்துச் சிதறும் பாறைவெடிப்புகள் தங்கவயலின் தீராத அச்சமாக இருந்தன. கூரைப் பாறையை இரும்புக் கம்பியால் தட்டி, எழும் ஓசையிலிருந்தே அது உறுதியானதா, கழன்று நிற்கிறதா என்று பிரித்தறிய வேண்டும். வெடிமருந்துத் துளைகளை எந்தக் கோணத்தில் இடுவது, எந்த வரிசையில் வெடிக்க வைப்பது, எங்கே மரத்தூண் கொடுத்துத் தாங்குவது என்பவை நொடிப்பொழுதில் எடுக்கப்படும் முடிவுகள். கூண்டை இயக்குபவருக்கு மணியோசையின் எண்ணிக்கைதான் மொழி. எண்ணிக்கை பிசகினால் கூண்டிலிருப்பவர்களின் உயிர் போகும்.

இந்த அறிவு பெரிதும் பேச்சிலேயே கைமாறியது. ஷாஃப்ட், கேஜ், ஷிஃப்ட், மில் முதலிய ஆங்கிலச் சொற்கள் தமிழின் ஒலியமைப்புக்குள் புகுந்து, வேற்றுமை உருபும் ஏற்று, வீட்டுச் சொற்களாயின. கழிவு மண் குன்றுகள் 'சயனைடு' என்ற பெயரோடே ஊரின் நிலக்காட்சியாயின. பேச்சுமொழி இவ்வாறு தொழிலை முழுதாக உள்வாங்கியபோதும் அலுவலகத்தின் எழுத்துமொழி ஆங்கிலமாகவே இருந்தது. தொழிலை அறிந்தவர் ஒருவர், அதைப் பதிவு செய்பவர் வேறொருவர் என்ற பிளவு இங்கிருந்தே தொடங்கியது.

1965இல் இப்பிளவு வேறொரு வடிவில் தென்பட்டது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அறிவியலாளர்கள் சாம்பியன் ரீஃபில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை நிறுவி, வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்தனர். உலகில் முதன்முதலாக அவை அறியப்பட்ட இடங்களில் தங்கவயலும் ஒன்று. அந்த ஆழத்தில் ஓர் ஆய்வுக்கூடம் நிற்க இயன்றதே சுரங்கத்தாரின் தொழிலறிவால்தான். ஆய்வுக் கட்டுரைகளின் ஆசிரியர் வரிசையில் அந்த அறிவுக்கு இடமில்லை.

ஆவணத்தோடு தொழிலாளர் கொண்ட உறவின் இன்னொரு பக்கத்தை 1930ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் காட்டுகிறது. ஒவ்வொரு தொழிலாளியும் கைரேகை பதித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் பணிக்கு இறங்க மறுத்தனர். கைரேகை குற்றவாளிகளிடம் பெறப்படுவது என்ற எண்ணம் பரவலாக இருந்த காலம் அது. ஒரு சான்றிதழ் மனிதனின் திறனைச் சொல்கிறது. கைரேகைப் பதிவு அவன் உடலை மட்டும் அடையாளம் காண்கிறது. பல ஆண்டுகள் தொழில் கற்றவரிடம் நிறுவனம் கேட்ட முதல் ஆவணம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பதை நினைவில் கொண்டால், பின்னாளில் அக்குடும்பங்கள் கையெழுத்துக்கும் பட்டத்துக்கும் கொடுத்த மதிப்பு விளங்கும்.

அந்த மதிப்பு வேலைச் சந்தைக்கு முன்பே பிறந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிக்குப்பத்தில் வேர்கொண்டது. அவர் 1907இல் தொடங்கிய இதழ் தங்கவயலில் வாசிக்கப்பட்டது. அவர் 1914இல் மறைந்த பிறகு 'தமிழன்' இதழ் சாம்பியன் ரீஃபிலிருந்து ஜி. அப்பாதுரையாரால் மீண்டும் நடத்தப்பட்டது. பகலில் பாறை உடைத்த சமூகம் தனக்கென அச்சகமும் இதழும் வைத்திருந்தது. எழுத்தறிவு அங்கே பதவி உயர்வுக்கான ஏணியாகத் தொடங்கவில்லை. சாதி விதித்த வேலைக்கு வெளியே தன்னை நிறுத்திக்கொள்ளும் வழியாகவே அது தொடங்கியது.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962இல் அவை நடுவண் அரசின் பொறுப்புக்கு மாறின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. சான்றிதழ்களின் காலமும் இதுவே. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டு உலோகச் சுரங்க விதிகளும் மேலாளர், ஃபோர்மன், மேட், வெடிப்பவர், கூண்டு இயக்குபவர் ஆகியோருக்குத் தகுதிச் சான்றிதழை இன்றியமையாததாக்கின. முன்பு ஐரோப்பியருக்கு மட்டும் திறந்திருந்த படிகளில் தமிழ்த் தொழிலாளரின் பிள்ளைகள் தேர்வெழுதி ஏறினர். இதைச் சிறிய மாற்றமாகக் கருத இயலாது.

அச்சான்றிதழ்களுக்கு ஓர் எல்லையும் இருந்தது. அவை சுரங்கத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும் நாணயங்கள். இதே காலத்தில் நாடெங்கும் வேறொரு நாணயம் புழக்கத்துக்கு வந்தது. 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கி, தொழிற்பயிற்சி நிலையங்களான ஐ.டி.ஐ.கள் பெருகின. 1961இல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. 1964இல் நிறுவப்பட்ட பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை தங்கவயலிலேயே அமைந்தது. ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீஷியன் என்ற பெயர்கள் சுரங்கத்துக்கு வெளியிலும் பொருள் தந்தன. சுரங்கத்தின் பட்டறையில் பணியாற்றிய ஃபிட்டரும் அதே சுரங்கத்தின் அடியில் பாறை துளைத்தவரும் ஒரே தெருவில் வாழ்ந்தனர். இருவரின் திறனும் ஆழமானதே. ஒன்று மட்டும் ஊர்விட்டு ஊர் போகக்கூடியதாக இருந்தது.

2001 இந்த வேறுபாட்டை வெளிச்சமிட்டது. வெல்டரும் எலக்ட்ரீஷியனும் பெங்களூரின் பட்டறைகளில் வேலை தேட முடிந்தது. கூரைப் பாறையின் ஓசையைப் படிக்கத் தெரிந்தவருக்கு ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டி தங்கச் சுரங்கம், ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கம் போன்ற தொலைவிலுள்ள சில இடங்களே அத்திறனின் விலையறிந்த சந்தைகள். கார்ன்வால்காரர் ஊரை விட்டபோது உலகம் புதிய சுரங்கங்களைத் திறந்துகொண்டிருந்தது. தங்கவயல்காரர் வேலை இழந்தபோது அவர்களுக்காகத் திறந்த சுரங்கம் இல்லை. 'கைத்தொழில் கைவிடாது' என்பது பாதி உண்மை. கைத்தொழிலைக் கைப்பற்றிக்கொள்ளும் வேறொரு கை எங்கோ இருந்தால்தான் அது முழு உண்மையாகும்.

வேலை போனபின்னும் பல குடும்பங்கள் கம்பெனி லைன் வீடுகளிலேயே தங்கின. சிறிய வீடாயினும் அது கையிலிருந்த ஒரே பிடிமானம். ஆகவே ஊர் இடம்பெயரவில்லை. உழைப்பு மட்டும் நாள்தோறும் இடம்பெயர்ந்தது. மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் செல்லும் காலை ரயில்கள் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவுக்கு இன்றும் அவ்வுழைப்பைச் சுமந்து செல்கின்றன. அவற்றில் ஐ.டி.ஐ. முடித்தவரும் பொறியியல் பட்டதாரியும் காவலாளியும் கடைப் பணியாளரும் அருகருகே அமர்கின்றனர். 1980களில் தங்கவயலிலேயே பொறியியல் கல்லூரி தோன்றியதால் பட்டம் எட்டும் தொலைவுக்கு வந்தது. அந்தப் பட்டத்துக்கேற்ற வேலை எட்டும் தொலைவுக்கு வரவில்லை.

இதைக் கொண்டு பட்டம் வீண் என்று முடிவு கட்டுவது பிழை. சுரங்கத்தில் இறங்கியவர்கள் நுரையீரலில் சிலிக்கா தூசியோடு கரையேறினர். சிலிக்கோசிஸ் அங்கே வீட்டுக்கு வீடு அறிந்த சொல். அந்த வேலையின் மீது சாதியின் முத்திரையும் இருந்தது. தன் திறனைக் குறித்துப் பெருமை கொண்ட தொழிலாளியே அத்திறன் தன் பிள்ளைக்கு வேண்டாம் என்று எண்ணியதில் முரண் ஏதுமில்லை. மறைந்துபோகும் கைத்தொழில்களுக்காக இரங்கும் ஆய்வுகள், அத்தொழிலைச் செய்தோரே அதை விட்டு விலக விரும்பியதையும் எழுத வேண்டும். 'தொழிற்கல்வியே உங்களுக்குப் பொருத்தம்' என்னும் அறிவுரை எந்தச் சமூகத்துப் பிள்ளைகளை நோக்கி மிகுதியாகச் சொல்லப்படுகிறது என்பதும் ஆராயத்தக்கது.

2013இல் தேசியத் திறன் தகுதிச் சட்டகம் அறிவிக்கப்பட்டது. 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம், முறையான பயிற்சியின்றி வேலையில் கற்ற திறனை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் ஏற்பாட்டையும் உட்கொண்டது. பணி செய்துகொண்டே கற்றது அறிவே என்று ஆவணம் ஒப்புக்கொண்டபோது தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டுப் பத்தாண்டுகள் கடந்திருந்தன. ஆழ்சுரங்கங்களுக்குள் நீர் நிரம்பிவிட்டது.

இன்று எஞ்சியிருப்பது நினைவும் மொழியும். பாறையின் ஓசை வகைகளுக்கும், மரத்தூண் நிறுத்தும் முறைகளுக்கும், ஆபத்தின் அறிகுறிகளுக்கும் அவர்கள் வழங்கிய சொற்கள் ஒரு தலைமுறையின் நாவில் இன்னும் இருக்கின்றன. பணி நிறுத்தப்பட்ட நாளில் முப்பது வயதினராய் இருந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டனர். அன்று ஐம்பதைக் கடந்திருந்தவர்கள் எழுபதைக் கடந்துவிட்டனர். மொழியியல், வரலாறு, பொறியியல், தொழிலாளர் ஆய்வு ஆகிய துறைகள் சேர்ந்து செய்ய வேண்டிய பதிவுப் பணி அது. அப்பணியில் அவர்கள் தகவலாளிகள் என்ற அடிக்குறிப்பில் ஒதுங்காமல், அறிந்தோர் என்ற பெயரோடு இடம்பெற வேண்டும்.