தோள் அறுவைக்குப் பின் வாழ்வு: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி

தோள் அறுவைக்குப் பின் வாழ்வு என்பது, கிழிந்த தோள் தசைநாணைத் தைத்த பிறகு கையின் பயனை மெல்ல மீட்கும் மாதக்கணக்கான காலம். காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் அது பிழைப்போடு பிணைந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இலும், ஒரகடத்தில் ரெனோ–நிசான் 2010-இலும் கார் ஆலை தொடங்கின; லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கைப்பேசி ஆலைகளும் வந்தன.

காரணம்

மேற்கை எலும்பின் தலையைத் தோள்குழியில் பிடித்து நிறுத்துபவை 'ரொட்டேட்டர் கஃப்' எனப்படும் நான்கு தசைகளும் அவற்றின் நாண்களும். கையை மேலே தூக்கியபடி நெடுநேரம் செய்யும் வேலை, பாரம் தூக்குதல், விபத்து, முதுமை ஆகியவற்றால் நாண் நைந்து கிழிகிறது. தலைக்கு மேல் தொங்கும் கார் உடலில் அடியிலிருந்து போல்ட் முடுக்குவது இத்தகைய வேலை.

மீட்சி

நுண்துளை வழியே தைத்தபின், கை வழக்கமாக 4 முதல் 6 வாரம் தூக்குப்பட்டையில் இருக்கும். பிறகே நோயாளி கையைத் தானே அசைக்கும் பயிற்சி. வலுவூட்டல் ஏறத்தாழ 12-ஆம் வாரத்தில். கடும் உழைப்புக்கு 4 முதல் 6 மாதம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். வலி குறைவதும் நாண் எலும்போடு ஒட்டுவதும் ஒன்றல்ல. வலி போய்விட்டதென்று பாரம் தூக்கினால் தையல் மீண்டும் கிழியலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இறுகும் வாய்ப்பு கூடுதல்.

அன்றாடம்

முதல் வாரங்களில் மல்லாந்து படுப்பதே கடினம். முதுகுக்கும் முழங்கைக்கும் தலையணை வைத்துச் சாய்ந்து உறங்குவது உதவும். சட்டை போடும்போது அறுவை செய்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். கம்பெனி பஸ்ஸின் மேல்கம்பியை அந்தக் கையால் பிடிக்கக் கூடாது. மருத்துவர் சொல்லும்வரை பைக் ஓட்டவும் கூடாது: வலக்கைக்கு ஆக்சிலரேட்டர், இடக்கைக்கு கிளட்ச், திடீர் பிரேக்கில் இரண்டு தோளும் அதிரும்.

வேலையும் ஈ.எஸ்.ஐ.யும்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள், காண்ட்ராக்ட் தொழிலாளர் உட்பட, ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் வருவர். சந்தா நிபந்தனை நிறைவேறினால் நோய்க்கால உதவி ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை. வேலையில் நேர்ந்த காயம் என ஏற்கப்பட்டால் 90 விழுக்காடு, இயலாமை நீடிக்கும்வரை. ஆகவே விபத்து நடந்த அன்றே அதைப் பதிவு செய்வது முக்கியம். நிரந்தரக் குறைபாட்டை மருத்துவக் குழு மதிப்பிடும்.

91 நாள் என்பது 13 வாரம். வலுவூட்டல் தொடங்கிய மறுவாரமே நோய்க்கால உதவி முடிகிறது. தோள் தயாராகும் முன் லைனுக்குத் திரும்ப வைக்கும் நெருக்கடி இங்கேதான் பிறக்கிறது. எனவே தகுதிச் சான்றில் 'வேலைக்குத் தகுதி' என்ற ஒற்றை வரி போதாது. எத்தனை கிலோ தூக்கலாம், தோளுக்கு மேல் கை உயர்த்தலாமா, எத்தனை வாரம் இலகு வேலை என்பவற்றை மருத்துவரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். நிர்வாகமும் அதன்படி வேலையிடத்தை மாற்றித் தர வேண்டும்.