கேர்நார்வன் கோட்டையும் பாணனும்

ஓவியமும் வரலாற்றுச் சான்றாகும் என்பர். எனினும், அஃது எதற்குச் சான்று என்பதைத் தெளிந்த பின்னரே எடுத்தாளுதல் முறை. இதனை விளக்க, ஆங்கில ஓவியர் டர்னர் 1800-இல் இலண்டன் இராயல் அக்காதெமிக் காட்சியில் வைத்த கேர்நார்வன் கோட்டை நீர்வண்ண ஓவியத்தை ஈண்டு ஆராய்வாம்.

வேல்சு நாட்டின் வடமேற்குக் கரையில் உள்ள அக்கோட்டை, அந்நாட்டை வென்ற இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டு 1283-இல் கட்டத் தொடங்கியது. அதன் 'மன்னன் வாயில்' ஐந்து கதவுகளும், மேலிருந்து இறக்கும் ஆறு கம்பிக் கதவுகளும் கொள்ளுமாறு வகுக்கப்பட்டது. 1330-இல் பணி நின்றபோதும் அது முற்றுப்பெறவில்லை. வாயிலின் மேல் நகரை நோக்கி இரண்டாம் எட்வர்டின் கற்சிலை அமைந்தது. வென்றோரின் வீற்றைத் தோற்றோர் நாளும் காணுமாறு செய்த குறியீடே அவ்வாயில் எனலாம்.

டர்னர் அக்குறியீட்டின் பொருளை மாற்றுகின்றார். வாயிலின் வீறு புலப்படாத தொலைவில், பொன்னொளி படர்ந்த சிறு வடிவாகக் கோட்டை தோன்றுகின்றது. அண்மையிலோ, யாழேந்திய பாணன் ஒருவன் கேட்போர் சூழப் பாடுகின்றான். 1799-இல் அவர் காட்டிய அதே கோட்டையின் ஓவியத்தில் இப்பாணன் இல்லை. மாலைக் கதிரும் நீரும் படகுகளுமே உள்ளன. 1800-ஆம் ஆண்டு ஓவியத்துடன் காட்சிப் பட்டியலில் அச்சிட்ட செய்யுள், பாணரைப் பொறாத கொடுங்கோலன் நாட்டைக் குருதியால் நனைத்தான் என்கின்றது. எனவே, பாணனைப் பின்னர்ச் சேர்த்தது அழகு கருதி மட்டுமன்று என்பது தெளிவு.

எட்வர்டு பாணரைக் கொல்வித்தான் என்னும் செய்தி, தாமசு கிரே 1757-இல் வெளியிட்ட 'பாணன்' என்னும் பாட்டால் பெரிதும் பரவியது. அதற்கு அக்காலச் சான்று இல்லை. அங்ஙனமாயின் ஓவியம் முற்றும் பொய்யோ எனின், அன்று. 1282-இல் லிவெலின் என்னும் வேல்சு வேந்தன் கொல்லப்பட்டான். அடுத்த ஆண்டில் அவன் மரபினர் ஆட்சியும் முடிவுற்றது. அரசவையை நம்பி வாழ்ந்த புலவர் புரவலரை இழந்தனர். பின்னர் நிலக்கிழார் இல்லங்களை நாடித் தம் பாட்டு மரபைக் காத்தனர். 'கடைநிலை' என்னும் துறையைக் கற்ற நமக்கு, புலவனை ஏற்கும் வாயில் அடைபடுவதன் துயரம் எளிதில் விளங்கும்.

ஆகவே, இவ்வோவியம் 1282-ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்குச் சான்றன்று. அந்நிகழ்ச்சியைப் பின்னையோர் எவ்வாறு நினைந்தனர் என்பதற்கே சான்று. கொலையுண்ட பாணன் கதையில் உள்ளான். வாயிலிழந்த பாணன் வரலாற்றில் உள்ளான். இருவரையும் ஒருவனெனக் கொள்ளாமை ஆய்வாளர் கடன்.