பழவேற்காட்டில் உருவான ஒரு தொகுப்பும் தொகைநூல் தேர்வும்

முன்னுரை

இலக்கியம் பயில்வோர் பெரும்பாலும் தொகுப்புகள் வழியாகவும் உரைகள் வழியாகவுமே மூலநூல்களை அடைகின்றனர். தொகுப்பில் இடம்பெறாத பகுதி, பயில்வோரைப் பொறுத்தவரை இல்லாததாகவே ஆகிவிடுகிறது. இவ்வுண்மையைப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் உருவான ஒரு மொழிபெயர்ப்பின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

ரோஜேரியசின் தேர்வு

டச்சுக்காரர் பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டையை நிறுவினர். அங்கு 1632 முதல் 1642 வரை சமயகுருவாகப் பணியாற்றியவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். சமஸ்கிருதம் அறியாத அவருக்குப் பத்மநாபன் என்னும் அந்தணர் போர்த்துக்கீசிய மொழியில் பொருள் விளக்கினார். இவ்வுரையாடல்களின் பயனாக எழுந்த டச்சு நூல், ரோஜேரியஸ் மறைந்தபின் 1651இல் லெய்டனில் அச்சேறியது. அதன் இறுதியில் பர்த்ருஹரியின் சதகங்கள் இணைக்கப்பட்டன. சார்லஸ் வில்கின்சின் பகவத்கீதை மொழிபெயர்ப்புக்கு (1785) இது 134 ஆண்டுகள் முற்பட்டது. 1663இல் ஜெர்மன் மொழியிலும் 1670இல் பிரெஞ்சு மொழியிலும் இந்நூல் பெயர்க்கப்பட்டது.

பர்த்ருஹரியின் பெயரில் வழங்குவன நீதி, சிருங்காரம், வைராக்கியம் என மூன்று சதகங்கள். நூலில் இடம்பெற்றவை நீதியும் வைராக்கியமும் மட்டுமே; காதலைப் பாடும் சதகம் விடுபட்டது. இதனால் ஐரோப்பிய வாசகர் கண்ட பர்த்ருஹரி அறவோராகவும் துறவியாகவும் மட்டுமே தோன்றினார்.

தமிழ்த் தொகைமரபு

பழவேற்காடு நெய்தல் நிலம். நெய்தலின் உரிப்பொருளோ காதலர் பிரிவில் எழும் இரங்கல். அத்தகைய கடற்கரையிலிருந்து சென்ற கவிதைத் தொகுப்பில் காதல் இல்லாமற் போனது கருதத்தக்கது.

சங்கத் தொகைநூல்கள் தம் தொகுப்புநெறியை மறைப்பதில்லை. ஐங்குறுநூறு திணைக்கு 100 பாடல்கள் கொண்டது. அதன் நெய்தற் பகுதி அம்மூவனாருடையது. அகநானூற்றில் 10, 20, 30 எனப் பத்தின் மடங்காக வரும் எண்கள் நெய்தலுக்குரியவை. எனவே, ஒரு திணை குறைந்தால் எண்ணே அதனைக் காட்டிவிடும்.

வழிகாட்டிகளும் ஒருவராக நிற்கவில்லை. தொல்காப்பிய அகத்திணையியலுக்கு இளம்பூரணர், நச்சினார்க்கினியர் ஆகிய இருவர் உரையும் கிடைக்கின்றன. ஒருவர் கொண்ட பொருளை மற்றவர் உரையோடு ஒப்பிட்டுச் சீர்தூக்க இயலும். ரோஜேரியசுக்கு இவ்வாய்ப்பு அமையவில்லை.

ஏரிக்கரை வழக்கு

இவ்வேரி மீனவர் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் ஒழுங்கைப் 'பாடு' என்பர். வலை, உப்பு, கழி என நெய்தற் பாடல்கள் பேசும் பொருள்கள் இவ்வூர்களில் இன்றும் புழங்குகின்றன. ஆதலால் இங்குப் பயிலும் மாணவர்க்கு ஊர்வழக்கும் உரைநூல்களை உரசிப்பார்க்கும் கல்லாகும்.

முடிவுரை

தொகுப்பைத் தேர்வோர் மூன்றினை நோக்குதல் வேண்டும்: தொகுப்புநெறி வெளிப்படையாக உள்ளதா, விடுபட்டவை சுட்டப்பட்டுள்ளனவா, ஒன்றுக்கு மேற்பட்ட உரைகளுடன் பயில இயலுமா என்பன அவை. பாடல்களின் சிறப்பு மட்டுமே ஒரு தொகுப்பை நம்பத்தக்கதாக்கிவிடாது என்பதற்குப் பழவேற்காட்டு நூலே சான்று.